மாதப் பென்ஷன் எவ்வளவு வரணும், எவ்வளவு வந்திருக்கு? கன்னியாகுமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இ-சேவை மையத்திலும் வங்கி வரிசையிலும் தாலுகா ஆபீஸ் வராந்தாவிலும் ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட வாயாலேயே கேள்விகளை வைத்திருக்கிறோம். மாற்றுத்திறனாளிகள் கேட்டவையே அதிகம். முதியோர், விதவை பென்ஷன் வாங்குபவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். பென்ஷன் தொகைகள் 2023-இல் உயர்த்தப்பட்ட அளவில் தரப்பட்டுள்ளன. அதற்குப் பிறகு அரசாணை வந்து தொகை கூடியிருந்தால் புதிய தொகையை வைத்து இதே வழியில் கணக்குப் பாருங்கள்.

1. எனக்கு மாசம் எத்தற ரூபா வரணும்?

எந்தத் திட்டத்தில் உங்கள் பெயர் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. வருவாய்த் துறை வழியாக வரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 1,500 ரூபாய். 2023 ஜனவரிக்கு முன்பு இது 1,000 ஆக இருந்தது. முதியோர், விதவை, கணவரால் கைவிடப்பட்டவர், 50 வயது கடந்த திருமணமாகாத பெண் ஆகியோருக்கான ஓய்வூதியம் 1,200 ரூபாய். 2023 ஆகஸ்டில் 1,000-லிருந்து உயர்ந்தது.

மூன்றாவதாக ஒன்று உண்டு. பலரும் பென்ஷன் என்றே சொன்னாலும் அதன் பெயர் பராமரிப்பு உதவித்தொகை. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தருவது, மாதம் 2,000 ரூபாய். அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு நோய், தொழுநோய் பாதிப்பு ஆகியவற்றில் 40 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ளவர்கள், 75 விழுக்காடும் அதற்கு மேலும் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள், முதுகுத்தண்டு காயம், பார்க்கின்சன் போன்ற நாள்பட்ட நரம்புப் பாதிப்பு உள்ளவர்கள் இதில் வருவார்கள்.

2. ஒரு ஆபீஸ்ல போனா அங்க போன்னு சொல்லுதாவ, அங்க போனா இங்க போன்னு சொல்லுதாவ. எனக்க பைசா எந்த ஆபீஸ்லயிருந்து வருதுன்னு எப்படி அறியது?

அனுமதி ஆணையைக் கையில் எடுங்கள். கையெழுத்துக்குக் கீழே தனி வட்டாட்சியர், சமூகப் பாதுகாப்புத் திட்டம் என்று இருந்தால் அது வருவாய்த் துறை பென்ஷன்; உங்கள் தாலுகா அலுவலகத்தில் அவருக்கெனத் தனிப் பிரிவு இருக்கும். வழக்கமான தாசில்தார் வேறு, இவர் வேறு. பாதி அலைச்சல் இந்தக் குழப்பத்தில்தான் வருகிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் என்று இருந்தால் அது பராமரிப்பு உதவித்தொகை. அதற்கு நாகர்கோவில் ஆட்சியர் அலுவலக வளாகத்துக்குத்தான் போக வேண்டும், தாலுகாவில் அதற்குப் பதில் இருக்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். மாவட்டத்தில் முன்பு அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என நான்கு தாலுகாக்களே இருந்தன. திருவட்டாறும் கிள்ளியூரும் பிறகு பிரிந்தவை. பழைய ஆணையில் கல்குளம் அல்லது விளவங்கோடு என்று இருந்தாலும் உங்கள் வருவாய்க் கிராமம் இப்போது புதிய தாலுகாவில் இருக்கலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பஸ் ஏறினால் ஒரு நாள் கூலி மிச்சம்.

3. ஆர்டரே காணல்ல. பத்து வருசத்துக்கு முன்ன தந்தது, வெள்ளத்துல போச்சு.

ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம் மூன்றின் நகலோடு 2-ஆம் கேள்வியில் சொன்ன அலுவலகத்துக்குப் போய், உங்கள் ஓய்வூதிய எண்ணையும் திட்டத்தின் பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். பணம் தொடர்ந்து வந்துகொண்டிருக்கிறது என்றால் பதிவு கட்டாயம் இருக்கும். கிடைத்த எண்ணைப் பாஸ்புக்கின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். இனி எந்த மனுவுக்கும் அந்த எண்தான் முதலில் வேண்டும்.

4. இந்த மாசம் வந்துட்டான்னு வீட்டிலிருந்தே பாக்க முடியுமா? போனுக்கு மெசேஜ் ஒண்ணும் வரல்ல.

மெசேஜ் வராததால் பணம் வரவில்லை என்று முடிவு செய்யாதீர்கள். கணக்கு திறந்த நாளில் கொடுத்த நம்பர் மகனுடையதாகவோ பக்கத்து வீட்டுக்காரருடையதாகவோ இருக்கும். அல்லது அந்த சிம்மே இப்போது இருக்காது. வங்கியில் பதிந்த நம்பரிலிருந்து அந்த வங்கியின் மிஸ்டு கால் எண்ணுக்கு அழைத்தால் மீதித் தொகை மெசேஜாக வரும். மீதித் தொகை மட்டும் போதாது, வரவு வந்ததா என்று தெரிய வேண்டுமானால் மினி ஸ்டேட்மென்ட் வேண்டும். வங்கி முகவர் கையில் வைத்திருக்கும் மைக்ரோ ஏடிஎம்மில் கைரேகை வைத்து அதை எடுக்கலாம். தபால்காரர் கையிலுள்ள கருவியிலும் இருப்பைப் பார்க்கலாம், பணமும் எடுக்கலாம்.

எல்லாவற்றையும்விட உறுதியானது பாஸ்புக் பதிவுதான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது பதிந்து வாங்குங்கள். வரவு வரியில் ஏபிபிஎஸ், ஏசிஎச், என்இஎஃப்டி என்று ஏதாவது ஒரு சுருக்கம் இருக்கும். அரசுப் பணம் பெரும்பாலும் இப்படித்தான் வரும். அந்த வரியின் தேதியையும் தொகையையும் பென்சிலால் வட்டமிட்டு வைத்தால் பின்னால் மனு எழுதும்போது தேட வேண்டியதில்லை.

5. எந்தத் தேதிக்குள்ள வரணும்?

மகளிர் உரிமைத் தொகைக்கு 15-ஆம் தேதி என்று இருப்பதுபோல் இதற்கு ஒரே தேதி என்று எண்ணி இருக்க வேண்டாம். தாலுகாவுக்குத் தாலுகா, வங்கிக்கு வங்கி முன்பின் ஆகும். நிதியாண்டு மாறும் ஏப்ரலில் தாமதம் சகஜம். ஒரு மாதம் தவறி அடுத்த மாதம் இரண்டும் சேர்ந்து வந்தால் கவலை இல்லை. அடுத்த மாதமும் ஒன்று மட்டும் வந்தாலோ, இரண்டும் வரவில்லை என்றாலோ விசாரிக்கத் தொடங்குங்கள். பக்கத்து வீட்டில் அதே திட்டத்தில் வாங்குபவருக்கு வந்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அவருக்கும் இல்லை என்றால் காத்திருக்கலாம். அவருக்கு வந்து உங்களுக்கு வரவில்லை என்றால் கோளாறு உங்கள் கணக்கிலோ பதிவிலோதான்.

6. 1,500 வரணும்னு சொல்லுதீங்க. எனக்கு 1,000 தானே ஏறியிருக்கு?

அடிக்கடி வரும் கேள்வி இதுதான், பதில் ஒன்றல்ல. முதலில், அந்த 1,000 எதிலிருந்து வந்தது என்று பாருங்கள். பெண்கள் கணக்கில் மாத நடுவில் ஏறும் 1,000 பெரும்பாலும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை. 2023 செப்டம்பர் 15-இல் தொடங்கிய திட்டம் அது, பென்ஷனோடு சம்பந்தமில்லாதது. வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே வங்கியில் கணக்கு இருந்தால் மருமகளுக்கு வந்ததை மாமியாரின் பென்ஷன் என்று நினைத்துக்கொள்வதும் நடக்கிறது.

மேற்கே விளவங்கோடு, கல்குளம் பக்கம் அண்டி ஆபீஸில் (முந்திரித் தொழிற்சாலையில்) வேலை பார்த்த பெண்களுக்கும் ரப்பர் எஸ்டேட்டில் பால் வெட்டியவர்களுக்கும் வரும் 1,000 பெரும்பாலும் வருங்கால வைப்பு நிதியின் பென்ஷன். அதன் குறைந்தபட்சத் தொகை 2014 செப்டம்பரிலிருந்து 1,000 ரூபாய். அது உழைத்த காலத்துப் பணம், அரசு உதவித்தொகை அல்ல. அதற்கு ஆண்டுக்கு ஒருமுறை உயிர்ச்சான்று தர வேண்டும், தவறினால் நின்றுவிடும். கேட்க வேண்டிய இடம் நாகர்கோவிலிலுள்ள வருங்கால வைப்பு நிதி அலுவலகம்.

இவை எதுவும் இல்லை, சமூகப் பாதுகாப்புத் திட்டத்திலிருந்துதான் வருகிறது, ஆனாலும் பழைய 1,000 அல்லது 1,200 தான் ஏறுகிறது என்றால், உங்கள் பெயர் மாற்றுத்திறனாளி தலைப்பில் இல்லாமல் முதியோர் அல்லது விதவை தலைப்பில் இருக்கலாம். அதற்கு 13-ஆம் பதிலைப் பாருங்கள். பாஸ்புக்கில் 1,500 ஏறி கையில் 1,000 அல்லது 1,400 வந்தது என்றால் அது வேறு கதை. அடுத்த கேள்வியில் இருக்கிறது.

7. வீட்டுக்குக் கொண்டு தாற ஆளு 50 ரூபா பிடிச்சிட்டுத் தாராரு. அது சட்டமா?

இல்லை. பென்ஷன் கொண்டுவரும் வங்கி முகவருக்கு வங்கிதான் கமிஷன் தருகிறது. பயனாளியிடம் ஒரு ரூபாய் கூடப் பிடிக்கக் கூடாது. கருவியில் கைரேகை வைத்ததும் ஒரு சீட்டு வரும். அதில் எடுத்த தொகையும் மீதியும் இருக்கும். அந்தச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பேப்பர் இல்லை என்றால் திரையைக் காட்டச் சொல்லுங்கள். கண் தெரியாதவர்கள் கூட இருக்கும் யாரையாவது தொகையைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள்.

ஊருக்குள் தெரிந்த ஆள், மழையில் நனைந்து வருகிறார், பாவம் என்று பலர் கொடுக்கிறார்கள். மனமுவந்து கொடுப்பது உங்கள் விருப்பம். பிடித்துக்கொண்டு மீதி தருவது முறைகேடு. படுக்கையில் கிடப்பவரின் 1,500-இல் 50 என்பது இரண்டு நாள் பால் காசு. அந்த முகவர் எந்த வங்கிக் கிளையின் கீழ் வேலை பார்க்கிறாரோ அந்த மேலாளருக்குத் தேதி, தொகையோடு எழுதிக் கொடுங்கள்.

8. ஜூன் மாசம் பாஸ்புக்குல 456 ரூபா குறைஞ்சிருக்கு. யாரும் எடுக்கல்ல.

காப்பீட்டுப் பிரீமியம். பிரதமரின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீட்டுக்கு ஆண்டுக்கு 436, சுரக்ஷா விபத்துக் காப்பீட்டுக்கு 20, இரண்டும் சேர்ந்து 456. மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ தானாகப் பிடிக்கப்படும். கணக்கு திறக்கும்போது வைத்த கையெழுத்துகளில் இதற்கான சம்மதமும் சேர்ந்திருக்கும்.

வேண்டாம் என்றால் வங்கியில் எழுதிக் கொடுத்து நிறுத்தலாம். ஆனால் அவசரப்பட்டு நிறுத்த வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. ஆயுள் காப்பீடு, விபத்து மரணக் காப்பீடு ஒவ்வொன்றும் 2 லட்சம் ரூபாய். 20 ரூபாய்க் காப்பீடு 70 வயது வரை உண்டு; கடலுக்குப் போகிறவர்கள், மரமேறுகிறவர்கள் வீட்டில் அதை விட்டுவிடக் கூடாது. நாமினி பெயர் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வையுங்கள்.

9. தாலுகா ஆபீஸ்ல "பணம் போயாச்சு"ன்னு சொல்லுதாவ, பேங்க்ல "வரல்ல"ன்னு சொல்லுதாவ. இடையில எங்க போச்சு?

பெரும்பாலும் உங்களுடைய இன்னொரு கணக்குக்குப் போயிருக்கும். ஆதார் வழியாக அனுப்பும் பணம் கணக்கு எண்ணைப் பார்த்துப் போவதில்லை. எந்த வங்கியில் ஆதார் கடைசியாக இணைக்கப்பட்டதோ அந்தக் கணக்கைத் தேடிப் போகும். சுய உதவிக் குழுவுக்காகத் திறந்த கணக்கு, தபால் துறையின் பேமென்ட்ஸ் வங்கிக் கணக்கு, சிம் கார்டு வாங்கும்போது கைரேகை வைத்ததில் திறந்த கணக்கு இவற்றில் ஏதோ ஒன்றில் பணம் மாதக்கணக்கில் பத்திரமாகக் கிடக்கும்.

ஆதாரில் பதிந்த போனிலிருந்து *99*99*1# அழுத்தி, 12 இலக்க ஆதார் எண்ணைக் கொடுத்தால் எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்று திரையில் வரும். ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலை என்ற பகுதியிலும் பார்க்கலாம். இ-சேவை மையத்தில் இரண்டு நிமிட வேலை. வேறு வங்கி என்று வந்தால் அங்கே போய்ப் பணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு உங்களுக்கு வேண்டிய வங்கியில் ஆதார் இணைப்பைத் தங்கள் வங்கிக்கு மாற்றும்படி எழுதிக் கொடுங்கள்.

இங்கே ஒரு நுணுக்கம். வங்கியில் "ஆதார் ஏற்கெனவே லிங்க் ஆகியிருக்கு" என்பார்கள். கணக்கோடு ஆதார் எண் சேர்ந்திருப்பது வேறு, அரசுப் பணம் வாங்கும் கணக்காக அது பதிவாகியிருப்பது வேறு. "மானியம் வரும் கணக்கா மாத்தணும், என்பிசிஐ மேப்பிங் செய்யணும்" என்று அந்தச் சொல்லையே சொல்லிக் கேளுங்கள்.

10. கணக்கு முடங்கிக் கிடக்குன்னு சொல்லுதாவ. நான் ஒண்ணும் தப்பு செய்யல்லியே.

கேஒய்சி, அதாவது வங்கியில் கொடுத்த அடையாள, முகவரி ஆவணங்களைப் புதுப்பிக்கும் காலம் தாண்டியிருக்கும். சாதாரணக் கணக்குகளுக்கு 10 ஆண்டுக்கு ஒருமுறை ஆவணம் புதுப்பிக்க வேண்டும். ஜன்தன் கணக்குகள் 2014 ஆகஸ்டிலிருந்து திறக்கப்பட்டவை என்பதால் முதலில் திறந்தவற்றுக்கு 2024-இலேயே 10 ஆண்டு முடிந்துவிட்டது. முகவரியில் மாற்றம் இல்லை என்றால் மாற்றம் இல்லை என்ற உறுதிமொழி போதும். 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி விதியைத் தளர்த்தியதால் அதை வங்கி முகவர் வழியாகவும் கொடுக்கலாம். படி ஏற முடியாதவர்கள் கிளைக்குப் போகாமலே முடிக்க வழி இருக்கிறது, கேளுங்கள்.

11. கைரேகை விழல்ல. அண்டி உடைச்சு உடைச்சு விரலே தேஞ்சு போச்சு.

முந்திரிக் கொட்டையின் தோலில் உள்ள எண்ணெய் தோலைப் பொள்ள வைத்து ரேகையை அரித்துவிடும். ரப்பர் பால் வெட்டுகிறவர்கள், கயிறு திரிக்கிறவர்கள், வலை இழுக்கிறவர்கள் எல்லோருக்கும் இதே கஷ்டம். தொழுநோய் பாதித்தவர்களுக்கு விரலே இருக்காது. இது உங்கள் குற்றமல்ல. இதைக் காரணம் காட்டி யாரும் பணத்தை மறுக்க முடியாது.

உடனே செய்யக் கூடியவை: பத்து விரலையும் ஒவ்வொன்றாக முயலுங்கள், பெரும்பாலும் மோதிர விரலோ சுண்டு விரலோ ஏற்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் கை கழுவித் துடைத்துவிட்டுத் துளி எண்ணெய் தடவித் துடைத்து வையுங்கள். காய்ந்து வெடித்த தோலில் ரேகை தெரியாது. அப்படியும் இல்லை என்றால் கண் கருவிழி அல்லது முகம் வைத்துச் சரிபார்க்கும் வசதி அந்த முகவரிடம் உண்டா என்று கேளுங்கள்.

நிரந்தரத் தீர்வு ஆதார் மையத்தில் கைரேகை, கருவிழி, முகம் மூன்றையும் புதுப்பிப்பது. கட்டணம் 125 ரூபாய், 2025 அக்டோபருக்கு முன் 100 ஆக இருந்தது. எதுவும் ஒத்துவரவில்லை என்றால் வங்கிக் கிளையில் பணம் எடுக்கும் சீட்டில் பெருவிரல் ஒற்றி, சாட்சிக் கையெழுத்தோடு பழைய முறையில் எடுக்கலாம். 70 வயது கடந்தவர்களுக்கும் நடமாட முடியாதவர்களுக்கும் வீடு தேடி வந்து சேவை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017-இலேயே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

12. மெஷின்ல கை வச்சேன். பைசா குறைஞ்சுட்டு, ஆனா கையில தரல்ல.

சீட்டைத் தொலைக்காதீர்கள். தோல்வியடைந்த பரிவர்த்தனை என்றால் 5 நாளுக்குள் பணம் கணக்குக்குத் தானே திரும்ப வேண்டும். அதற்கு மேல் ஆனால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கியின் 2019 விதி. ஆறாம் நாள் உங்கள் வங்கியில் புகார் கொடுத்து எண் வாங்குங்கள். 30 நாளில் தீரவில்லை என்றால் 14448-க்கு அழைத்து வங்கி குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யும் வழியைக் கேட்கலாம், செலவில்லை.

"முதல் தடவை விழல்ல, இன்னொரு தடவை வையுங்க" என்று இரண்டு மூன்று முறை கை வைக்கச் சொன்னால், ஒவ்வொரு முறையும் திரையில் என்ன வந்தது என்று பார்த்துவிட்டே அடுத்து வையுங்கள். முதல் முறையே பணம் எடுபட்டிருக்கலாம்.

13. எனக்கு 63 வயசு, ஒரு காலு இல்ல. முதியோர் பென்ஷன் 1,200 வருது. 1,500 கிட்டுமா?

கிட்டும், கேட்க வேண்டும். 40 விழுக்காட்டுக்குக் குறையாத ஊனம் மருத்துவச் சான்றில் இருந்தால் மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்துக்குத் தகுதி உண்டு. 60 வயதானதும் மாற்றுத்திறனாளி என்ற நிலை போய் முதியவர் ஆகிவிடுகிறோம் என்று பலர் எண்ணுகிறார்கள், அப்படி இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 24-ஆம் பிரிவு, அதேபோன்ற திட்டத்தில் மற்றவர்களுக்குத் தருவதைவிட மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாகத் தர வேண்டும் என்கிறது. 1,200-இல் 25 விழுக்காடு 300, கூட்டினால் 1,500. கணக்கு சரியாக அங்கேதான் போய் நிற்கிறது.

செய்ய வேண்டியது: யூடிஐடி எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நகல், இப்போதைய ஓய்வூதிய எண், ஆதார், பாஸ்புக் நகல் வைத்துத் தனி வட்டாட்சியரிடம் "முதியோர் ஓய்வூதியத்திலிருந்து மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்துக்கு மாற்றித் தர வேண்டும்" என்று மனு கொடுங்கள். பழையதை முதலில் ரத்து செய்துவிட்டு வா, பிறகு புதிதாக விண்ணப்பி என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இடையில் மாதங்கள் வெறுமனே போய்விடும். மாற்றம் ஒரே ஆணையில் நடக்க வேண்டும் என்று மனுவிலேயே எழுதுங்கள்.

14. 1,500-ம் 2,000-ம் ரெண்டும் சேத்து வாங்கலாமா? மகளுக்கு 9 வயசு.

ஒருவருக்கு இரண்டில் ஒன்றுதான். 1-ஆம் பதிலில் சொன்ன வகைகளில் வந்தால் 2,000-ஐத் தேர்ந்தெடுப்பதே லாபம். வருவாய்த் துறைப் பென்ஷனுக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். குழந்தைகளுக்குப் பராமரிப்பு உதவித்தொகைதான் வழி. தாயோ தந்தையோ பாதுகாவலராக உள்ள கணக்கில் பணம் ஏறும். ஏற்கெனவே 1,500 வாங்குகிறவர் 2,000-க்கு மாறினால் தாலுகாவில் பழையதை நிறுத்திய கடிதத்தை வாங்கி நாகர்கோவில் அலுவலகத்தில் கொடுங்கள். இரண்டும் சில மாதம் சேர்ந்து ஏறிவிட்டால் பின்னால் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்; அந்தப் பணத்தைச் செலவழிக்காமல் தெரிவித்துவிடுவது நல்லது.

15. என் யூடிஐடி அட்டை மஞ்சள், இன்னொருத்தருக்கு நீலம். அதனாலதான் தொகை கூடக் குறையவா?

நிறம் ஊனத்தின் அளவைத்தான் காட்டுகிறது: 40-க்குக் கீழே வெள்ளை, 40 முதல் 79 வரை மஞ்சள், 80-உம் அதற்கு மேலும் நீலம். மஞ்சள் அட்டை இருந்தாலே 1,500 பென்ஷனுக்குப் போதும். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள நீல அட்டைக்காரர்களை மத்திய அரசின் இந்திரா காந்தி ஊனமுற்றோர் ஓய்வூதியத்தில் சேர்ப்பார்கள். அதில் 300 ரூபாய் மத்திய பங்கு, மீதி 1,200 மாநிலப் பங்கு. கையில் வருவது அதே 1,500. தேசிய சமூக உதவித் திட்ட இணையதளத்திலோ உமாங் செயலியிலோ தேடி 300 என்று கண்டால் பயப்பட வேண்டாம், அது மத்தியப் பங்கு மட்டும். முழுக்க மாநிலத் திட்டத்தில் இருப்பவர்களின் பெயர் அங்கே இல்லாமலே போகலாம். அதனால் பென்ஷன் நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை.

அட்டையில் செல்லுபடித் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். தற்காலிகச் சான்று என்றால் அந்தத் தேதிக்கு மூன்று மாதம் முன்பே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மறுபரிசோதனைக்கு நாள் கேட்டுவிடுங்கள்.

16. பாறசாலையில இருக்க அக்காளுக்கு நம்மளவிடக் கூடக் கிட்டுது. நமக்கு ஏன் இல்ல?

களியிக்காவிளை தாண்டினால் வேறு மாநிலம், வேறு அரசாணை. கேரளத்தில் நலப் பென்ஷன் 1,600 ஆக இருந்து 2025 நவம்பரிலிருந்து 2,000 ஆனது. அங்கே முதியோர், மாற்றுத்திறனாளி எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே தொகை. இங்கே தலைப்புக்குத் தலைப்பு மாறுகிறது. எல்லையில் இருப்பவர்கள் இரண்டு பக்கமும் அட்டை வைத்து இரண்டு பென்ஷன் வாங்கப் பார்ப்பது ஆபத்து. ஆதார் எண் ஒன்றுதான், ஒருநாள் இரண்டும் நின்று, வாங்கியதையும் திருப்பிக் கேட்பார்கள்.

17. ஒண்ணும் சொல்லாம நிறுத்திட்டாவ. யாருக்கு எழுதணும்?

முதலில் 9, 10-ஆம் பதில்களில் உள்ளவற்றைச் சரிபாருங்கள். நின்றுவிட்டது என்று வருபவர்களில் பலருக்குக் கோளாறு வங்கியில்தான் இருக்கிறது. உண்மையிலேயே நிறுத்தியிருந்தால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: சரிபார்க்க வந்தபோது வீட்டில் ஆள் இல்லை, முகவரி மாறியது, அல்லது வேறொருவரின் மரணப் பதிவு உங்கள் பெயரில் ஏறியது. கடைசியாகச் சொன்னது கேட்கவே மனம் வலிக்கும், ஆனால் நடக்கிறது. உயிரோடு இருப்பவர் நேரில் போய் நின்று, கிராம நிர்வாக அலுவலரின் சான்றோடு திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மனு ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஓய்வூதிய எண், கடைசியாகப் பணம் ஏறிய தேதி, எந்த மாதத்திலிருந்து வரவில்லை, நிறுத்திய காரணத்தை எழுத்தில் தர வேண்டும், நின்ற மாதங்களின் நிலுவையும் சேர்த்துத் தர வேண்டும், இவ்வளவே போதும். நிலுவை என்ற சொல் விடுபட்டால் புதிதாகத் தொடங்கும் மாதத்திலிருந்து மட்டும் கொடுத்துவிட வாய்ப்புண்டு. தனி வட்டாட்சியரிடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பதில் இல்லை என்றால் நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் நாளில் அதே மனுவின் நகலைக் கொடுங்கள். நடக்க முடியாதவர்கள் 1100-க்கு அழைத்துப் பதியலாம்.

விண்ணப்பமே நிராகரிக்கப்பட்டால் நாகர்கோவில் அல்லது பத்மநாபபுரம் வருவாய்க் கோட்ட அலுவலகத்தில் மேல்முறையீடு. எதற்கும் அசையவில்லை என்றால் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் "என் ஓய்வூதியம் நிறுத்தப்பட்ட ஆணையின் நகல்" கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

18. "உங்க பென்ஷன் கூடியிருக்கு, ஓடிபி சொல்லுங்க"ன்னு போன் வருது.

எந்த அரசு அலுவலகமும் ஓடிபி கேட்காது. உயர்வு வந்தால் தானாகவே கணக்கில் ஏறும். சொல்லிவிட்டீர்கள் என்றால் அந்த நிமிடமே 1930-க்கு அழையுங்கள், அடுத்து வங்கிக்குச் சொல்லிக் கணக்கை நிறுத்தி வையுங்கள். புதுப் பென்ஷன் வாங்கித் தருகிறேன் என்று 500, 1,000 கேட்பவர்களும் உண்டு. இ-சேவை மையத்தில் ஓய்வூதிய விண்ணப்பத்துக்குக் கட்டணம் 10 ரூபாய்தான்.

19. அம்மை போன மாசம் தவறிட்டாவ. அதுக்கப்புறமும் 1,500 ஏறியிருக்கு. எடுக்கலாமா?

எடுக்க வேண்டாம். இறந்த மாதத்துக்குப் பிறகு ஏறிய பணம் அரசுக்குத் திரும்ப வேண்டியது. ஏடிஎம் அட்டையில் எடுத்துவிட்டால் பின்னால் வாரிசுகளிடம் கேட்பார்கள். இறப்புச் சான்று நகலோடு கிராம நிர்வாக அலுவலரிடமும் வங்கியிலும் தெரிவித்துவிடுங்கள். அவர்கள் உயிரோடு இருந்த நாள்களுக்கு உரிய, எடுக்காமல் விட்ட பணம் கணக்கில் இருந்தால் அது குடும்பத்துக்குச் சேர்ந்தது. நாமினி அதைக் கேட்டு வாங்கலாம். 8-ஆம் கேள்வியில் சொன்ன 436 அல்லது 20 அந்த ஆண்டு பிடிக்கப்பட்டிருக்கிறதா என்று அதே பாஸ்புக்கில் பாருங்கள். இருந்தால் காப்பீட்டுத் தொகைக்கான கோரிக்கைப் படிவத்தையும் அன்றே வங்கியில் கேட்டு வாங்குங்கள். ஆயுள் காப்பீட்டுக்கு இறப்புச் சான்று போதும், விபத்து என்றால் முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் வேண்டும்.